ஈசானி மூலை வாட்டம்

"சுவத்துலருந்து பத்தடிக்கு அரையடி இறக்கிரு, அதுக்கப்புறம் மண்ணு..." என்று அப்பா சொல்வார்; அதுக்கப்புறம் மண் என்ன செய்யும் என்று அவர் சொன்னது மட்டும் சீனிராஜுக்கு ஞாபகம் வரவில்லை. உன்னைத் தொந்தரவு பண்ணாது என்றாரா, உன்னைக் கேக்காது என்றாரா. முதல் பாதி அவர் குரலிலேயே, பீடியை உதட்டோரம் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற அந்தக் குழறலோடு அப்படியே கேட்கிறது, பின்பாதியில் வெறும் புகை. பஞ்சாயத்து யூனியனில் முப்பது வருசம் ரோட்டு மேஸ்திரியாக இருந்த மனிதர், சாத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் எந்த ரோட்டில் எந்த இடத்தில் தண்ணீர் கட்டும் என்று சைக்கிளில் போகிறபோதே சொல்லிவிடுவார். மகன்தான் ஐந்தாவது வரை தமிழில் படித்துவிட்டு ஆறாவதில் கான்வென்டுக்குப் போனதிலிருந்து அவர் பேச்சைப் பாதிக்கு மேல் காதில் வாங்கியதில்லை. இப்போது அந்த மகனுக்கு நாற்பத்தெட்டு வயது. மஸ்கட்டில் இருபத்திரண்டு வருசம் இருந்துவிட்டுத் திரும்பி, கட்டி மூன்று வருசமான தன் வீட்டின் வடகிழக்கில், ஊரெல்லாம் ஈசானி மூலை என்று சொல்கிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே சங்கிலி, குழி தோண்ட வந்த ஆள், சுவரை ஒட்டிக் கடப்பாரையால் ஒரு சதுரம் கீறிக்கொண்டிருந்தான். மணி எட்டேகால். பதினோரு மணிக்குத் தோண்டுவதாகத்தான் பேச்சு. தங்கச்சி புருசன் தவசிலிங்கம், மஸ்கட்டில் இவன் இருந்தபோது இங்கே நின்று இந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தவர், "மச்சான், நானே வர்றேன், என் முன்னால தோண்டுங்க" என்று சொல்லியிருந்தார். அந்த 'என் முன்னால' என்பதுதான் நேற்றுப் பூராவும் சீனிராஜின் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. ஏன் அவர் முன்னால் தோண்ட வேண்டும்? எந்த இடத்தில் தோண்டுவது என்று அவர் கை காட்டுவாரா? கொஞ்சம் தள்ளித் தோண்டுங்கப்பா, இங்க பைப் போகுது என்பாரா? அதனால்தான் சங்கிலிக்கு விடியக்காலையிலேயே போன் போட்டு எட்டு மணிக்கு வரச் சொன்னான், போன் போட்ட கையோடு, இந்தச் சங்கிலியும் தவசிலிங்கமும் ஒரே பக்கத்து ஆட்கள்தானே என்று யோசித்தான்.

"எம்புட்டு ஆழம் சார்?" என்று சங்கிலி கேட்டான். "மூணடி. தேவைப்பட்டா நாலு." "உள்ள எதுவும் பொதச்சு வச்சிருக்கீகளா?" என்று சிரித்தான், வெற்றிலைக் கறை படிந்த சிரிப்பு, சீனிராஜ் சிரிக்கவில்லை, புதைத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதானே அவன் எண்ணமும். கரிசல் பூமி இது. கோடையில் சுவருக்கும் தரைக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், நாலு மழை விழுந்தால் ரொட்டி மாவு மாதிரி உப்பி அஸ்திவாரக் கடைக்காலை முட்டித் தூக்கும். அதனால் கடைக்கால் குழியைச் சுற்றிக் கரிசலை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் சரளையுமான கிராவல் போட்டு இடித்து மூட வேண்டும் என்பது இந்த ஊரில் கொத்தனார் வேலைக்கு நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும். போட்டேன் என்றார் தவசிலிங்கம். ஒன்பது டிராக்டர் லோடு போட்டேன் என்று ஒன்பது போட்டோ அனுப்பினார். மஸ்கட்டில் அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்த ஒன்பது போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தவன் சீனிராஜ். ஒன்பதிலும் ஒரே டிராக்டர், ஒரே டிரைவர், ஒரே கட்டம் போட்ட சட்டை. அன்றைக்கு அது ஒன்றும் தோன்றவில்லை, ஒரே டிராக்டர்தானே ஒரு நாள் பூராவும் அடிக்கும் என்று இருந்துவிட்டான், போன வாரம் ஐப்பசியின் முதல் மழை பெய்து இந்த மூலையில் மூன்று நாள் தண்ணீர் நின்று, நாலாம் நாள் காலையில் சாமி அறை ஜன்னலின் கீழ்முனையிலிருந்து தரையைப் பார்த்து ஒரு விரிசல் இறங்கியிருந்ததைப் பார்த்தபோதுதான் அந்தக் கட்டம் போட்ட சட்டை ஞாபகத்துக்கு வந்தது. ஒரு லோடை ஒன்பது கோணத்தில் எடுத்தால் ஒன்பது லோடு. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினான். மறுநாள் விரிசல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. அத்தனை கல் அடுக்கிய சுவரில் ஒரு கல் பிளந்தால் சத்தம் கேட்குமா? படுத்திருக்கும்போது காதைத் தலையணையில் அழுத்தி வைத்துக் கேட்டான். தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

அதற்கும் மறுநாள்தான் தங்கச்சிக்குப் போன் போட்டது. அதைப் போட்டிருக்க வேண்டாம். ஜெயக்கனி, அப்பா செத்த அன்று இவன் பிளேன் பிடித்து வருவதற்குள் எல்லாக் காரியத்தையும் ஒற்றை ஆளாக நின்று செய்தவள், "என்னண்ணே, மழை அங்கிட்டும் பெய்யுதா?" என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். அவன் உடனே, "ஒன் வீட்டுக்காரர் கிராவலுக்குப் பதிலாக் கரிசலையே தள்ளி மூடியிருக்காரு, வீடு ரெண்டாப் பொளக்கப் போகுது" என்றான். அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "பாத்தியா நீ?" என்றாள். "பாக்கணுமாக்கும், வெரல விட்டா வருது கரிசல்." "வெரல விட்டியா?" விடவில்லை. "அண்ணே, அவரு இந்த வீட்டுக்காக ஆறு மாசம் வெயில்ல நின்னு முதுகுத் தோல் உரிஞ்சு கெடந்தாரு. கல்லும் மண்ணும் நீ வந்து தொட்டதில்ல. தோண்டிப் பாரு. கரிசல் வந்துச்சுன்னா நான் என் வீட்டுக்காரர்கிட்டப் பேச மாட்டேன். வரலைன்னா ஒன்கிட்டப் பேச மாட்டேன். ரெண்டுல ஒண்ணு." வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஆக இந்தக் குழியில் இருப்பது மண் மட்டுமல்ல. அப்பா அம்மா இல்லாத ஊரில் அவனுக்கு என்று இருக்கிற ஒரே ஆள் ஜெயக்கனி. இதை நினைக்கும்போதே, சரியாக இதை அறிந்துதான் தவசிலிங்கம் அவ்வளவு நிதானமாக வந்து தோண்டலாம் என்கிறாரோ என்றும் நினைத்தான். நிதானமான ஆட்களைப் பார்த்தால் அவனுக்கு எப்போதும் பயம்தான். மஸ்கட்டில் அவனுடைய மேனேஜரும் ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிற நாளில் ரொம்ப நிதானமாக டீ வாங்கிக்கொடுப்பார்.

"சார், கிராவல்" என்றான் சங்கிலி. எழுந்து போய்ப் பார்த்தான். ஒரு அடி ஆழத்தில் செம்பழுப்பாய், சிறு கல்லும் மண்ணுமாய், இறுகி இருந்தது. மேலே கிராவலைத் தூவிவிட்டு அடியில் கரிசலைப் போடுவது பழைய வித்தை, லாரிச் சரக்கில் மேல்மூட்டை மட்டும் நல்லதாக இருக்கிற மாதிரி. "இன்னும் போ" என்றான். "போறேன், போறேன், பாதாளம் வரைக்கும் போறேன்" என்று சங்கிலி மம்பட்டியை எடுத்தபோது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்து, "ஆமா... இங்கதான்... ஈசானியிலதான்... ம், வாங்க வாங்க" என்று பேசிவிட்டு வைத்தான். யாரிடம் 'வாங்க' என்றான்? ஈசானி என்று ஏன் சொன்னான்? "யாரு?" என்று கேட்டான் சீனிராஜ், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "மச்சினன் சார், அடுத்த தெருவுல ஒரு செப்டிக் டாங்க் வேலை, அவனுக்கு வழி தெரியாது, கெழக்குன்னு சொன்னாப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருவான்." வெற்றிலைச் சிரிப்பு. அது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருக்கலாம் என்பதில்தான் எப்போதும் சிக்கல். பொய்யாக இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு இடமாவது இருக்கும். இரண்டு மொழியில் படித்ததில் ஒரே லாபம், ஒரு மொழியில் நம்பிவிட்டால் இன்னொரு மொழியில் உட்கார்ந்து சந்தேகப்படலாம். சாம்பல் நிற மேகம் மேற்கே அடுக்கியிருந்தது. காற்றில் ஈரம் ஏறியிருந்தது, கரிசலின் அந்த வாசனை, துணி உலராமல் மடித்து வைத்த மாதிரி. இன்றைக்குப் பெய்தால் திரும்பவும் இந்த மூலைக்குத்தான் வரும். மேற்கே, தெற்கே, எல்லாப் பக்கமும் விழுகிற தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து இங்கே, சாமி அறைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் முனிசிபாலிட்டி ரோட்டை ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தி வைத்திருக்கிறது, போக வழியில்லை. போன வாரம் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்து நின்றான். ஒரு வேப்பிலை கூட நகரவில்லை. தண்ணீர் போகாமல் நின்றால் பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டுகிறது.

மூச்சு. இடது மார்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான், இது ஒரு பழக்கமாகிவிட்டது, மனைவி உமா பார்த்தால் திட்டுவாள். மூன்று வருசத்துக்கு முன்னால் மஸ்கட்டில் லிஃப்டுக்கு நிற்கும்போது யாரோ உள்ளே கை விட்டுப் பிசைந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளை விளக்கு, மார்பில் குளிர்ந்த ரப்பர்கள், காகிதத்தில் ஓடுகிற கோடு. அடுத்த வாரம் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று டாக்டர் தேதி கொடுத்தார். அந்த ஒரு வாரத்தில் வெள்ளிக்கிழமைப் பகலில் நண்பன் வீட்டு விருந்தில், பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், ஊரில் வீடு கட்டுகிறான் என்று கேட்டதும் நிலத்தின் வாட்டம் எந்தப் பக்கம் என்றார். கன்னி மூலைப் பக்கம், தென்மேற்கே ஓடை இருக்கிறது, அதைப் பார்த்து இறங்கும் என்றான் இவன், விளையாட்டாய். அவர் பாயசத் தம்ளரைக் கீழே வைத்தார். கன்னி மூலை தாழ்ந்திருந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாதே, உசத்திருங்க, தண்ணியை ஈசானிக்குத் திருப்பிருங்க என்றார். அவ்வளவுதான். இதையெல்லாம் நம்பாதவன் என்று தன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்தவன், வாஸ்து பார்க்கிறவர்களை வைத்து அலுவலகத்தில் சிரிப்புக் காட்டியவன், அன்று மத்தியானம் காரில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினான். இல்லை, இதை இப்போது யோசிக்க வேண்டாம். கிராவலா கரிசலா என்பதுதான் இப்போதைக்குக் கேள்வி. மண் என்ன மண்?

"ரெண்டடிக்கு மேல வந்தாச்சு" என்றான் சங்கிலி, குழிக்குள் முழங்கால் மறைய நின்றுகொண்டு. "கிராவல்தான். நல்லா திம்மிசு வச்சு இடிச்சிருக்காக. கடப்பாரை 'ணங்'குங்குது." டீயோடு உமா வந்தாள். சங்கிலிக்குத் தம்ளரை நீட்டிவிட்டுக் குழியை எட்டிப் பார்த்து, "என்ன, வந்துச்சா ஒங்க கரிசல்?" என்றாள். 'ஒங்க' கரிசல். இவள் யார் பக்கம்? "இன்னும் போகணும்" என்றான். "போயி?" "அடியில இருக்கும்." "இல்லேன்னா?" அவள் சாமி அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கு என்னமோ உறுத்தலா இருக்குங்க. எங்கம்மா சொன்னாங்கன்னுதான வாட்டத்த இங்கிட்டுத் திருப்புனீங்க. அவங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போய்ச் சேந்துட்டாங்க. தவசியண்ணன் வந்து கேட்டா நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு நிக்கிறது?" அவன் டீயை ஊதிக் குடித்தான். அவள் அம்மா சொன்னது சாமி அறை ஈசானியில் இருக்கட்டும் என்பது மட்டும். மண்ணைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்கு வந்து இறங்கிய முதல் வாரம், முற்றம் ஏன் இப்படி இந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறது என்று உமா கேட்டபோது, ஒங்கம்மாதான் ஏதோ சொன்னாங்களே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான், செத்துப்போனவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள் என்று யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் எங்கோ ஒரு மூலையில் அதையும் யோசித்திருப்பான், தன்னை அவனுக்குத் தெரியும். "ஒங்கம்மாவ விடு" என்றான். "எப்படி விடுறது, சொவரு பொளக்குதே" என்று வெறும் தம்ளர்களை வாங்கிக்கொண்டு போனாள்.

சங்கிலி குழிக்குள் உட்கார்ந்துவிட்டான். மூன்றடிக்கும் கீழே கையால் மண்ணை வாரி வாரிப் பக்கத்தில் போட்டான், அப்புறம் நிறுத்தி, உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து மேலே நீட்டினான். "கடைக்கால் அடி வரைக்கும் கிராவல் சார். இதுக்குக் கீழதான் பூமியோட கரிசல், அத யாரும் மாத்த முடியாது. போட்ட ஆளு சுத்தமாப் போட்டிருக்காரு. நான் எத்தனையோ வீட்டுல தோண்டியிருக்கேன், சாக்கு, செருப்பு, பெயிண்ட் டப்பால்லாம் வரும். இதுல ஒரு பீடித்துண்டு கூட இல்ல." குழியின் அடியில், சுவரோரமாய், தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு மினுமினுப்பு, பிறகு காசளவு, பிறகு கையளவு. "இந்தா, இதான் விசயம்" என்று சங்கிலி விரலால் தொட்டுக் காட்டினான். "கிராவல் நல்லதுதான், ஆனா மேல நிக்கிற தண்ணிய நேரா உள்ள விட்டுரும். அடியில கரிசல் குடிச்சிட்டு உப்புது. உப்புனாத் தூக்கத்தான செய்யும்? தண்ணிய இங்க நிக்க விட்டதுதான் தப்பு. இது ஓடையப் பாத்து எறங்குற பூமியில்ல? சைக்கிள நிப்பாட்டுனா அங்கிட்டுத்தான் உருளும். மேல மண்ணக் கொட்டிக் கொட்டி இங்கிட்டுத் தலைகீழாத் திருப்பி வச்சிருக்காக. யாரு சார் திருப்புனது?" கேள்வியில் ஒன்றுமில்லை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற மாதிரி கேட்டான். சீனிராஜ், "கொத்தனார்" என்றான். "எந்தக் கொத்தனாரு?" என்றான் சங்கிலி. "பழைய ஆளு. இப்ப ஊர்ல இல்ல." "இருக்கப்படாது" என்று சொல்லிச் சங்கிலி சிரித்தான்.

இரண்டு பொய் ஒரு மணி நேரத்துக்குள். மறுக்காமல் விட்ட மாமியார் ஒன்று, இல்லாத கொத்தனார் ஒன்று. வாய்ஸ் மெசேஜ் நாலு நிமிசம் பன்னிரண்டு வினாடி, அந்த எண் கூட ஞாபகம் இருக்கிறது, தன் போனிலிருந்து மட்டும் அழித்துவிட்டான். "மாப்ள, கன்னி மூலைய மண்ணக் கொட்டி உசத்திருங்க, தண்ணி ஈசானிக்குப் போகட்டும். எனக்கு ஆகாதாம் மாப்ள. அடுத்த வாரம் ஒரு டெஸ்ட் இருக்கு, உமாவுக்குத் தெரியாது." காருக்குள் அவன் குரல் அவனுக்கே யாரோ அழுகிற மாதிரி கேட்டது. தவசிலிங்கம் திருப்பிக் கூப்பிட்டார். "மச்சான், பூமி அங்கிட்டுத்தான் எறங்குது. திருப்புனா ஈசானியில நிக்கும், ரோடு வேற உசரம். மாமா இருந்தா ஒத்துக்க மாட்டாரு." அதற்கு இவன் இங்கிலீஷில் ஒரு வரி சொன்னான். நான் சொன்னதை மட்டும் செய் என்பதன் இங்கிலீஷ், கீழே வேலை பார்க்கிறவர்களிடம் சொல்கிற தோரணையில். பத்தாவது வரை தமிழில் படித்த தவசிலிங்கம், "ஓகே மச்சான்" என்றார். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்குள் இங்கே மண் கொட்டியாகிவிட்டது. சரி, அப்படியானால் ஏன் அவர் சொல்லவில்லை? ஜெயக்கனியிடம் இவன் அவ்வளவு பேசிய பிறகும், வீடு ரெண்டாகப் பிளக்கிறது என்று சொன்ன பிறகும், அந்த ஆள் ஏன் அந்த மெசேஜை எடுத்துப் பெண்டாட்டியிடம் போட்டுக் காட்டவில்லை? காட்டியிருந்தால் ஜெயக்கனி அன்றைக்கே அதைச் சொல்லி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். காட்டவில்லை. வைத்திருக்கிறார். எதற்கு? எல்லாரும் குழியைச் சுற்றி நிற்கும்போது, பதினோரு மணிக்கு, சாவகாசமாகப் போனை எடுத்து... அதற்குத்தான் 'என் முன்னால'. இல்லை, அப்படிப்பட்ட ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றால் இன்னும் மோசம், இரக்கப்பட்டு வைத்திருக்கிறார். பயந்தவன் குரலைக் கேட்டுவிட்டார், அதனால்தான் மண் தப்பு என்று தெரிந்தும் கொட்டினார், அதனால்தான் மூன்று வருசமாக வாயைத் திறக்கவில்லை, பொங்கலுக்கு வந்து இந்த மூலையில் நின்று, வாட்டத்தைப் பார்த்துவிட்டு, உமாவிடம் துளசி நல்லா வளர்ந்திருக்கு என்றாரே, அதுவும் இதனால்தான். திருட்டுப் பயல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மணி பத்தரை. குழியை இப்போதே மூடிவிட்டால்? சங்கிலி போய்விடுவான். மேலே மண்ணைத் தட்டி, மழையும் வந்துவிட்டால், இரண்டடி வரைக்கும் பார்த்தோம் மாப்ள, ஊற்று வந்ததால மூடிட்டோம், அடியில என்னவோ சந்தேகமாத்தான் இருக்கு என்று சொல்லலாம். ஜெயக்கனி நம்புவாளா? பாதி நம்புவாள். ஒரு வருசம் பேசாமல் இருப்பாள், பிறகு யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நகர்த்தி வைப்பாள், அப்படி எத்தனையோ குடும்பம் ஓடுகிறது. தவசிலிங்கம் மறுத்துப் பேச மாட்டார். அது உறுதி. அந்த ஒரு விசயத்தில்தான் இந்த ஆளை முழுசாக நம்ப முடிகிறது என்று சீனிராஜுக்குத் தோன்றியது. கன்னி மூலையைப் பார்த்தான். மூன்றடி உசரத்துக்குக் கொட்டி, புல் முளைத்து, தலைவனைக் காப்பாற்றுகிற மேடு. வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடைக்குப் போகும். வெட்டிவிட்டால், மார்பில் அந்தக் கை, லிஃப்டுக்கு நிற்கும்போது. நம்பவில்லைதான். நம்பாதவனுக்கு ஏன் உள்ளங்கை வேர்க்கிறது? முதல் தூறல் குழித் தண்ணீரில் விழுந்து வட்டம் போட்டது. "சார், மூடிறவா? மழை புடிச்சுரும்" என்றான் சங்கிலி, மம்பட்டியை மண் குவியலில் செருகிக்கொண்டு. சமையல்கட்டு ஜன்னலில் உமாவின் முகம் தெரிந்தது. "தவசியண்ணன் கெளம்பிட்டாராங்க, இப்பத்தான் போன் வந்துச்சு. தனியாத்தான் வர்றாராம், ஜெயக்கனி வர மாட்டேன்னுட்டாளாம்" என்றாள்.

மூட வேண்டாம், மேலே ஒரு தகரத்தைப் போட்டு வை, நாளைக்கு ரெண்டு ஆளைக் கூட்டி வந்து கன்னி மூலை மேட்டை வெட்டி வாட்டத்தை ஓடைப் பக்கம் திருப்பு என்று சங்கிலியிடம் சொன்னான். பிறகு தவசிலிங்கத்தைப் போனில் கூப்பிட்டு, வழியில் திரும்பிப் போய் ஜெயக்கனியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்படியும், தான் அன்றைக்கு அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜை அவளும் உமாவும் கேட்கிற மாதிரி இங்கே வைத்துப் போடும்படியும் சொன்னான்.